கடைக்கு லினக்ஸ் போடுவதற்கு முன் பிரிண்டரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்கிறார் சர்வீஸ்காரர். போட வேண்டாம். அதில் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும்.

மூன்று கணினி உள்ள ஓர் எலக்ட்ரிகல் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று, முதலாளி மேஜையில் ஒன்று. இங்கே லினக்ஸ் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டுதான்: பிரிண்டர், கணக்கு. இவை இரண்டையும் முதலிலேயே தீர்த்துவிட்டால் மீதி ஒரு நாள் வேலை.

லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, எட்சர் அல்லது ரூஃபஸ் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. பென்டிரைவைச் செருகிக் கணினியை இயக்கும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்கில் எதையும் தொடாமல் மின்ட் திரையில் வந்து நிற்கும். அவசரப்பட்டு ‘இன்ஸ்டால்’ ஐகானைத் தட்டிவிடாதீர்கள்.

இந்த நிலையிலேயே பிரிண்டரை மாட்டி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். ஹெச்பி பிரிண்டர்கள் பொதுவாகத் தகராறு செய்யாது. லேசர்ஜெட் 1020 போன்ற சிலவற்றுக்கு மட்டும் இணையத்திலிருந்து ஒரு கூடுதல் கோப்பை இறக்க வேண்டும். எப்சன் டாட் மேட்ரிக்ஸுக்கு ‘எப்சன் 9-பின்’ என்ற பொது டிரைவரே பெரும்பாலும் போதும். நம் ஊர்க் கடைகளில் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900 தான் வில்லங்கம் பிடித்தது. அது உங்களிடம் இருந்தால், வேறு பிரிண்டருக்கு மாறுவது பற்றி இப்போதே யோசியுங்கள். தெர்மல் பில் பிரிண்டர் என்றால், தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்கோடு ஸ்கேனர் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான ஸ்கேனர்களைக் கணினி இன்னொரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது.

அடுத்து கணக்கு. டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் வழியாக லினக்ஸில் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு. கடைக் கணக்கை அதை நம்பி ஒப்படைக்க மாட்டேன். க்னுகேஷ் இரட்டைப் பதிவுக் கணக்குக்கு அருமையானது, ஆனால் ஜிஎஸ்டி பில்லுக்காகச் செய்யப்பட்டதல்ல. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட், ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற இணைப்போடு சேர்ந்தால் ஜிஎஸ்டி, இ-வே பில், இ-இன்வாய்ஸ் வரை பார்த்துக்கொள்ளும். அதை நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லாத சிறு கடைக்கு என் யோசனை: முதலாளி மேஜைக் கணினி மட்டும் ஆதரவுள்ள விண்டோஸில், டாலியோடு இருக்கட்டும். பில்லும் டாலியிலேயே போடுகிறீர்கள் என்றால் கல்லாவையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். குடோனை மட்டும் மாற்றுங்கள். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். தனிநபர் உரிமையாளர் ஓடிபி மூலமே ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். கம்பெனி, எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் கட்டாயம்; அதை லினக்ஸில் இயங்க வைப்பதைவிட விண்டோஸ் கணினியிலேயே விட்டுவைப்பது நிம்மதி.

இப்போது நிறுவலாம். பழைய கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்கில் நகலெடுத்து, இரண்டு மூன்றைத் திறந்து பார்த்த பிறகே ‘டிஸ்கை அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் ஓர் எஸ்எஸ்டி போட்டால் வேக வித்தியாசம் முதல் நாளே தெரியும். 4 ஜிபி ரேம் போதும், 8 இருந்தால் நல்லது. பில் போடும் பையனுக்குத் தனி லாகின் கொடுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும்.

தமிழுக்குக் கீபோர்டு அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும். லிப்ரெஆபீஸ் அமைப்புகளில், மொழிகள் பகுதியில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதை டிக் செய்தால் தமிழுக்கென்று தனி எழுத்துருவைக் குறித்துவைக்கலாம். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய விலைப்பட்டியல்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குழம்பித் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பேக்கப்பில் பலர் ஏமாறுகிறார்கள். மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் காப்பாற்றும். நீங்கள் எதையும் மாற்றாதவரை உங்கள் பில்களையும் கோப்புகளையும் அது தொடுவதில்லை. அவற்றுக்கு இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று கடையில், மற்றது வீட்டில். யுபிஎஸ் இல்லாமல் கல்லாக் கணினியை ஓட்டாதீர்கள்.

சந்தேகம் வந்தால் காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் தமிழிலேயே கேட்கலாம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. ஆகவே 21-ஆம் தேதிக்குப் பிறகு, குடோன் கணினியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். மார்ச் மாதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.