ஸ்கேனர் வாங்குமுன் அலையின் அகலத்தைப் பாருங்கள்

கிளிவெட்டியில் கடை வைத்து, மூதூர்க் கரையில் மீன் எடுத்து விற்பவன் நான். படகு பிந்தினால் ஐஸ் கரையும், லொறி வாடகை ஏறும். எனக்கு மீன் தரும் படகுக்காரர்களின் சம்மதத்தோடு அவர்கள் பேசுவதைக் கேட்டு நேரம் கணிக்கலாம் என்று ஒரு ரேடியோ ஸ்கேனர் வாங்கினேன்.

"காக்கா, இது புது மொடல், நெரோபேண்ட்" என்றார் கடைக்காரர். நம்பினேன். வீட்டில் போட்டால் பேச்சு உடைந்து உடைந்து வந்தது.

பிறகுதான் காரணம் விளங்கியது. அமெரிக்காவில் பொலிஸ், தீயணைப்பு போன்ற சேவைகள் 25 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் இயங்கின. 2013 ஜனவரி 1 முதல் அவற்றில் பெரும்பாலானவை 12.5இற்குச் சுருங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரே இடத்தில் இரண்டு பேச்சுக்கு வழி கிடைக்கும் என்பதே நோக்கம். ஆனால் கடல் வீ.எச்.எஃப். வானொலி இன்றும் 25 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில்தான் நடக்கிறது. அவசர அழைப்புக்கான 16ஆம் சனல், 156.8 மெகாஹேர்ட்ஸ், அப்படிப்பட்டதே. அகலமான பேச்சை ஒடுங்கிய வடிகட்டி வெட்டிவிடும். மறுபுறம், ஒடுங்கிய பேச்சை அகலமான கருவியில் கேட்டால் சத்தம் தாழ்ந்து, பக்கத்துச் சனலும் உள்ளே நுழையும்.

ஆகவே வியாபாரிகளே, வாங்குமுன் நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

1. அகலம், ஒடுக்கம் இரண்டும் மாற்றக்கூடியதா? கடையிலேயே இரண்டையும் போட்டுக் கேளுங்கள்.

2. நீங்கள் கேட்க வேண்டியது அனலொக்கா, டிஜிட்டலா? சாதாரண ஸ்கேனரில் டிஜிட்டல் பேச்சு வெறும் இரைச்சலே. குறியீட்டுப் பூட்டுப் போட்டதை எந்த ஸ்கேனரும் திறக்காது.

3. கேட்க மட்டுமா, பேசவும் முடியுமா? மலிவான வோக்கி டோக்கியில் கை தவறி பொத்தானை அழுத்தினால் 16ஆம் சனலில் ஓர் உயிர்காக்கும் அழைப்பையே மறைத்துவிடலாம்.

4. அனுமதி. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி வானொலிப் பாவனை தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டில் உள்ளது. கேட்கும் கருவியானாலும் முதலில் அங்கே விசாரியுங்கள். பொலிஸ், கடற்படைப் பேச்சை ஒட்டுக்கேட்க நினைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

இன்னொன்று: இந்த அலை நேர்கோட்டில் போகும். கிளிவெட்டி கடலோரத்தில் இல்லை. ஆதலால் கருவிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை உயரமான ஏரியலுக்கு ஒதுக்குங்கள். "புது மொடல்" என்ற ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம்.