ஆங்குலரில் வரப்போவது வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் காப்பீட்டுச் செயலி ஆங்குலர் 15இல் ஓடுகிறது. நிறையத் திரைகள், பெரும்பாலும் நீளமான படிவங்கள். 'சிக்னல் ஃபார்ம்ஸ் முழுமையாக வரட்டும், ஒரேயடியாக மாறிக்கொள்ளலாம்' என்கிறார் டீம் லீட். 2016இல் ஆங்குலர்ஜேஎஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுத நேர்ந்ததுபோல் மறுபடியும் நடந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காத்திருக்காதீர்கள். 15ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆங்குலரில் ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 18 மாதம்தான். அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உங்கள் பதிப்பில் ஒட்டு வராது. வாடிக்கையாளரின் உடல்நல விவரங்களைக் கையாளும் செயலிக்கு இது சின்ன விஷயமல்ல.

2016இன் பயம் நியாயமானது. ஆனால் இப்போது நடக்கும் மாற்றத்தின் போக்கு வேறு. அன்று பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். இன்று பழையதும் புதியதும் ஒரே செயலிக்குள் சேர்ந்து ஓடுகின்றன. மாறும் மதிப்புகளைக் கையாளும் புதிய முறையான சிக்னல் முன்னோட்டமாக வந்தது 2023 மே மாதம், 16ஆம் பதிப்பில். இன்றும் ஒரு திரையைச் சிக்னலிலும் பக்கத்துத் திரையைப் பழைய முறையிலும் எழுதலாம்.

இந்த மாற்றம் எதற்காக என்று தெரிந்துகொண்டால் எதை முதலில் செய்வது என்பதும் தெளிவாகும். இத்தனை வருடமும் ஆங்குலர் ஸோன்ஜேஎஸ் என்ற நூலகத்தை நம்பியிருந்தது. டைமர், கிளிக், பிராமிஸ், சர்வர் அழைப்பு என்று பிரவுசரின் ஒத்திசைவற்ற வேலைகள் எல்லாவற்றையும் அது இடைமறித்துக்கொள்ளும். ஏதாவது ஒன்று நடந்து முடிந்ததும், 'எதுவோ மாறியிருக்கலாம்' என்று ஆங்குலரிடம் சொல்லும். எது மாறியது என்று அதற்குத் தெரியாது. அதனால் மேலிருந்து கீழ்வரை காம்பொனென்ட்டுகளைச் சோதித்தாக வேண்டும். தெருவில் ஒரு வீட்டு மணி அடித்தால் எல்லா வீட்டுக்காரரும் எழுந்து வாசலுக்கு வருவது மாதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு: ஜாவாஸ்கிரிப்டின் அசிங்க்-அவெய்ட்டை ஸோனால் இடைமறிக்கவே முடியாது. அதற்காகவே ஆங்குலரின் பில்டு அந்த நிரலைப் பழைய வடிவத்துக்கு மாற்றித் தந்துகொண்டிருந்தது.

சிக்னல் இதைத் தலைகீழாக்குகிறது. ஒரு மதிப்பை எந்த டெம்ப்ளேட் படிக்கிறது என்று அதற்கே தெரியும். மதிப்பு மாறினால் தகவல் அங்கே மட்டும் போகும். 2025 நவம்பரில் வந்த 21ஆம் பதிப்பில் புதிதாகத் தொடங்கும் செயலிகளில் ஸோனே கிடையாது.

இனி சிக்னல் ஃபார்ம்ஸ். வரவிருப்பவற்றில் உங்களுக்கு மிகப் பெரிய பலன் தரப்போவது இதுதான், சந்தேகமில்லை. ரியாக்டிவ் ஃபார்ம்ஸில் உங்கள் தரவு ஓரிடத்திலும் படிவத்தின் நிலை இன்னோரிடத்திலுமாக இரண்டு பிரதிகள். அவற்றை ஒத்துப்போக வைப்பதிலேயே பாதி நிரல் செலவாகும். புதிய முறையில் தரவு ஒரு சிக்னல், படிவம் அதன்மேல் கட்டப்படுவது. பயனர் தட்டச்சு செய்தால் நேராக அந்தச் சிக்னலே மாறும். சரிபார்ப்பு விதிகளை ஒரே இடத்தில் எழுதலாம். 'வாரிசுதாரர் மைனர் என்றால் காப்பாளர் பெயர் கட்டாயம்' என்பது போன்ற நிபந்தனைகளும் அங்கேயே அடங்கிவிடும். சொந்தமாக ஓர் உள்ளீட்டுப் பெட்டி செய்ய இதுவரை எழுதிவந்த கன்ட்ரோல் வேல்யூ ஆக்சஸர் என்ற தலைவலியும் வேண்டாம்.

ஆனால் 21இல் அது வந்தது 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற அடையாளத்தோடு. ஆங்குலர் குழு இந்த அடையாளங்களைச் சும்மா போடுவதில்லை. எக்ஸ்பெரிமென்டல் என்றால் பெயரும் வடிவமும் எப்போது வேண்டுமானாலும் மாறும். டெவலப்பர் பிரிவ்யூ என்றால் பயன்படுத்திப் பார்க்கலாம், ஆனாலும் மாறக்கூடும். ஸ்டேபிள் என்றால்தான் வாக்குறுதி. பாலிசி விண்ணப்பப் படிவத்தை எக்ஸ்பெரிமென்டல் நிலையில் மாற்றாதீர்கள். உள்ளலுவலகத்தில் மட்டும் பயன்படும் சின்னப் படிவம் ஒன்றில் பழகிப் பாருங்கள். ரியாக்டிவ் ஃபார்ம்ஸை யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை.

இப்போதே செய்ய வேண்டியது, ஒவ்வொரு பதிப்பாக ஏறுவது. 15இலிருந்து 21க்கு ஒரே தாவலில் போக அப்டேட் கட்டளை விடாது, ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் டெஸ்டுகளை ஓட்டி, புரொடக்‌ஷனில் விட்டு, பிறகு அடுத்தது. நடுவில் 17இல் டெம்ப்ளேட்டின் இஃப், ஃபார் எழுதும் முறை மாறியது. அதை மாற்றித் தரும் கருவி ஆங்குலரிலேயே இருக்கிறது.

ஏறும்போதே திரைகளை, மாற்றம் அறிவிக்கப்பட்டால் மட்டும் சோதிக்கும் ஆன்-புஷ் முறைக்குக் கொண்டுவாருங்கள். ஸோனை எடுத்ததும் எந்தத் திரைகள் உறைந்து நிற்குமோ, அவற்றில் பெரும்பாலானவை இங்கேயே மாட்டிக்கொள்ளும். சப்ஸ்கிரைபுக்குள்ளோ டைமருக்குள்ளோ சாதாரண மாறியில் மதிப்பைப் போட்டுவிட்டு, திரை தானாக மாறும் என்று நம்பியிருக்கும் இடங்கள்தான் அவை. அந்த மாறிகளைச் சிக்னலாக்குங்கள். என்ஜிஸோனின் ஆன்-ஸ்டேபிளுக்குக் காத்திருக்கும் நிரல் இருந்தால் அதையும் தேடி எடுங்கள். ஸோன் இல்லாத செயலியில் அந்த அறிவிப்பு வரவே வராது. இந்த வேலையை முடித்த அணி, சிக்னல் ஃபார்ம்ஸ் எப்போது ஸ்டேபிள் ஆனாலும் அன்றே தொடங்கலாம்.

கேள்வி: கல்லூரியில் என்ஜிமாட்யூலும் ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸும் சொல்லித்தருகிறார்கள். இரண்டும் வீணா?
- மாணவி, மதுரை

பதில்: என்ஜிமாட்யூலைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் போதும். 19ஆம் பதிப்பிலிருந்து காம்பொனென்ட்டுகள் இயல்பாகவே அது இல்லாமல்தான் எழுதப்படுகின்றன. ஆர்எக்ஸ்ஜேஎஸ் வீணில்லை: ஹெச்டிடிபி கிளையன்ட் இன்றும் அப்சர்வபிளைத்தான் தருகிறது. திரையில் காட்டும் மதிப்புக்குச் சிக்னல், நேரத்தோடு வந்துகொண்டே இருக்கும் நிகழ்வுகளுக்கு ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிக்னலை ஜாவாஸ்கிரிப்டிலேயே சேர்க்கும் முன்மொழிவு 2024இல் அந்த மொழியின் தரநிலையை வகுக்கும் டிசி39 குழுவில் முதல் கட்டத்துக்கு ஏற்கப்பட்டது. சாலிட், பிரியாக்ட் போன்ற மற்ற நூலகங்களிலும் இதே கருத்து இருக்கிறது. எனவே நேரம் குறைவு என்றால் முதலில் சிக்னலைப் படியுங்கள்.