ஐந்தாம் நாள் பிரிக்கும் கட்டு

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூரில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் கல்யாண வீடுகளில் மூக்கைப் பற்றித்தான் கேட்பார்கள். உன்னிடம் வரப்போவது கைகள்: சிப்காட்டில் பவர் பிரஸ் நசுக்கிய விரல், ரோலரில் உறைபோல உரிந்த முன்கை. நடுநடுவே, நெடுஞ்சாலையில் லாரி டயர் ஏறிய கால். காயம்பட்டவர் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுவார். இரவு ஷிப்டிலிருந்து வருகிறவர் ஒடியாவில் அழுவார்.

ரோலரில் உரிந்த தோல் வந்த இரவில் ஏமாற்றும். நிறம் நன்றாக இருக்கும். இழுத்து மூடித் தைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அடியிலிருந்து அதற்கு ரத்தம் கொண்டுவந்த குழாய்கள் அறுந்திருக்கும். தைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய், நான்காம் நாள் கறுத்த தோலைப் பார்த்து நின்றிருக்கிறேன். விளிம்பை வெட்டிப் பார். ரத்தம் கசியாத தோல் உயிரோடு இல்லை. கிழியாமல் இருந்தால் அதன் கொழுப்பைச் சுரண்டி நீக்கி, அதையே ஒட்டாக வைத்துவிடலாம். தொடையில் தோல் எடுக்கும் வேலை மிச்சம்.

ஒட்டு என்றால் இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சந்தூர்ப் பக்கத்து நர்சரிகளில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறவர் இரண்டு வெட்டும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றிவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டார். “பிடிச்சுக்கிச்சு” என்று அவர் சொல்வதைத்தான் நாமும் வார்டில் சொல்கிறோம்.

தொடையில் எடுக்கும் மெல்லிய தோல் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். முதல் இரண்டு நாள் அதற்கு ரத்தமே கிடையாது. புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் அடிச் சதையின் நுண்குழாய்கள் தோலின் குழாய் வாய்களைத் தேடி வந்து சேரும். ஐந்தாறு நாளில் ரத்தம் ஓடித் தோல் இளஞ்சிவப்பாகும். இடையில் ஒரு சொட்டு ரத்தம் உறைந்தாலும், கட்டு நகர்ந்தாலும், அந்த இடத்தில் ஒட்டு செத்துப்போகும். அதனால்தான் கீறல் போட்டு நீர் வடிய விடுகிறோம், அழுத்திக் கட்டி மாவுக்கட்டும் போடுகிறோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும் புண்ணில் மட்டும் ஒட்டே வைக்காதே, கரைத்துவிடும். நாற்றமோ கசிவோ காய்ச்சலோ இல்லையென்றால் ஐந்தாம் நாள்வரை கட்டைப் பிரிக்காதே. பேராசிரியர் ரவுண்ட்ஸில் கேட்டாலும் சரி.

மாமரத்தோடு உவமை ஓரிடத்தில் நின்றுவிடும். பக்கத்துத் தோட்டத்துக் கிளையை மாங்கன்று ஏற்கும். அண்ணன் தோலைத் தங்கை உடம்பு ஏற்காது. தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவர் சகோதரனின் தோலை வைத்துப் பார்த்தார்கள், கிளாஸ்கோவில். முதல் தடவை வைத்தது உதிர்ந்தது. இரண்டாம் தடவை வைத்தது இன்னும் சீக்கிரம் உதிர்ந்தது. உடம்பு நினைவு வைத்திருக்கிறது என்று கிப்சனும் மெடவாரும் 1943-இல் எழுதினார்கள். 2023 அக்டோபரில் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்ததே, அதுபோன்ற பெருந்தீக்காயத்தில் எடுப்பதற்குச் சொந்தத் தோலே மிஞ்சாமல் போகலாம். அப்போது இறந்தவர்கள் தானம் தந்த தோல் சில வாரங்களுக்கு மூடியாக இருந்து உயிரைக் காக்கும். அவ்வளவே, நிலைக்காது.

வெறும் எலும்பிலும், உறை போன தசைநாணிலும் ஒட்டு பிடிக்காது. தன் ரத்தக்குழாயோடு வரும் ஃபிளாப்தான் அங்கே வேண்டும். இதற்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1791-இல் ஓசூர்க் கோட்டை கும்பினியார் கைக்குப் போனதே, அந்த மைசூர்ப் போரில்தான் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். பிறகு புணே அருகே, நெற்றித் தோலை வேர் அறாமல் திருப்பி வைத்து அவருக்கு மூக்கு செய்தவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. 1794-இல் லண்டன் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்த பிறகுதான் ஐரோப்பா விழித்தது.

உள்ளங்கைக்கும் விரலுக்கும் முழுத்தடிமன் தோலே வை. மெல்லியது சுருங்கி விரலை மடக்கிவிடும். தொடைப் புண் இரண்டு வாரத்தில் ஆறும், ஆனால் கையைவிட அதுதான் வலிக்கும்; முன்கூட்டியே சொல்லிவிடு. சர்க்கரையைப் பார். பீடியை நிறுத்தச் சொல்.

ஒன்று பாக்கி. கூட வந்த சூப்பர்வைசர், “வீட்டில் வழுக்கி விழுந்தார், அப்படியே எழுதுங்கள்” என்பார். என்னிடமும் ஒருவர் சொன்னார். எழுதிவிட்டேன், இன்றும் உறுத்துகிறது. வேலையிடத்துக் காயம் என்று பதிவானால்தான் நிரந்தர ஊனத்துக்கு இஎஸ்ஐ மாதாமாதம் பணம் தரும். நோயாளியைத் தனியாகக் கேள். இயந்திரத்தில் சிக்கியது என்றால், விபத்துப் பதிவேட்டில் அன்றிரவே உன் கையால் அதை எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியன்