ஆங்கில மரபுத்தொடர்களும் தமிழ் மாணவரும்

முன்னுரை

பாப்பாரப்பட்டியிலிருந்து வந்து நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். பட்டம் பெற்றபின் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். தேர்வாளர், 'வாக் மீ த்ரூ யுவர் ரெஸ்யூமே' என்றார். 'வாக்' என்றால் நடத்தல் அன்றோ? மாணவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அறையில் சிரிப்பெழுந்தது. "உம் தகுதிக் குறிப்பைப் படிப்படியாக எடுத்துரையும்" என்பதே அத்தொடரின் பொருள். ஊர் திரும்பியவர், "ஐயா, எல்லாம் தெரிந்த சொற்கள்தாம், பொருள்தான் தெரியவில்லை. இனி நான் ஆங்கிலத்தில் வாய் திறக்க மாட்டேன்" என்றார். அவ்வாய்ப்பூட்டைத் திறக்கும் வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னூல் தரும் திறவுகோல்

சொல்லுக்குச் சொல் பொருள் கண்டால் கிட்டாத பொருளை உடையது மரபுத்தொடர். 'மழை பூனைகளும் நாய்களுமாகப் பெய்கிறது' என்று ஆங்கிலேயர் கூறுவதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். 'காக்காய் பிடிக்கிறான்' என்று நாம் கூறுவதை அவர் கேட்டால் பறவை பிடிப்பவனையே தேடுவார்.

பவணந்தியார் தம் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். இப்பாகுபாடு ஆங்கிலம் கற்பார்க்கும் துணையாதல் ஈண்டு நோக்கத்தக்கது. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். முஸ்லிம் இல்லங்களில் 'வஃபாத்தானார்' என்பர். ஆங்கிலேயர் 'பாஸ்டு அவே' என்பர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. ஆங்கிலத்தில் 'ஸ்லாங்' எனப்படும் கொச்சை வழக்கும் பெரும்பாலும் இவ்வாறு ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவதே. அது விளங்காமை அறியாமையன்று. நாம் அக்குழுவில் வாழ்ந்திலோம் என்பதே அதன் பொருள்.

மும்மொழிச் சான்று

நம் பகுதி முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் உருதும், கடைத்தெருவில் தமிழும், வகுப்பறையில் ஆங்கிலமும் ஒலிக்கின்றன. ஒருவன் ஓடி மறைந்ததைத் தமிழர் 'கம்பி நீட்டினான்' என்பர். உருதில் 'நௌ தோ கியாரஹ் ஹோ கயா', அதாவது 'ஒன்பதும் இரண்டும் பதினொன்றானான்' என்பர். ஆங்கிலத்தில் 'டுக் டு ஹிஸ் ஹீல்ஸ்' என்பர். ஒன்றில் கம்பி, ஒன்றில் கணக்கு, ஒன்றில் குதிகால், செயலோ ஒன்றே. இரு மொழி மரபுகளைத் தாய்மடியிலேயே கற்ற மாணவர்க்கு மூன்றாவது மரபு எட்டாக்கனி ஆகுமோ?

ஆங்கிலேயரும் இடறிய இடங்கள்

மரபு இடத்திற்கு இடம் வேறுபடும். 'நான் கல்லூரியிலிருந்து பாஸ்டு அவுட் ஆனேன்' என்று நாம் பெருமையுடன் எழுதுகிறோம். அமெரிக்கர் அதனை 'மயங்கி விழுந்தேன்' என்றே கொள்வர். ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்தல் என்றால் பிரிட்டிஷார்க்கு உடனே விவாதத்திற்கு எடுத்தல், அமெரிக்கர்க்கு ஒத்திவைத்தல். இரண்டாம் உலகப் போரின்போது இவ்வொரு சொல்லால் இரு நாட்டுப் படை அலுவலர்க்கிடையே நெடிய வாதம் எழுந்ததைச் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் குறித்துள்ளார். ஆங்கிலமே தாய்மொழியானோர்க்கும் இந்நிலை நேர்ந்தது.

நம் மொழிகளைக் கற்க வந்த ஆங்கிலேயரும் இடறினர். முஹர்ரம் ஊர்வலத்தில் எழுந்த 'யா ஹசன்! யா ஹுசைன்!' என்னும் குரல், ஆங்கிலப் படைவீரர் செவியில் 'ஹாப்சன் ஜாப்சன்' ஆயிற்று. யூலும், தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னெலும் தொகுத்து 1886 இல் வெளிவந்த புகழ்பெற்ற அகராதி அப்பிழையையே தன் பெயராகக் கொண்டது. அவர்தம் பிழை அகராதியின் பெயராக, நம் மாணவரின் பிழை மட்டும் நகைப்புக்குரியதாவது எந்நீதி?

கற்கும் வழி

1. தனிச் சொல்லைக் குறிக்காது, முழுத்தொடரையும் யார், யாரிடம், எங்குக் கூறினார் என்பதனையும் குறித்துக்கொள்க.

2. அதற்கிணையான தமிழ் அல்லது உருது மரபினை அருகில் எழுதுக. இணை கிட்டியபின் தொடர் எளிதில் மறவாது.

3. கொச்சை வழக்கைப் புரிந்துகொள்க, பயன்படுத்த விரையற்க. நண்பரிடம் பொருந்துவது விண்ணப்பத்தில் பொருந்தாது.

4. விளங்காதவிடத்து, 'குட் யூ எக்ஸ்ப்ளெயின் தட், ப்ளீஸ்?' எனத் தயங்காது வினவுக. வினவுதல் இழுக்கன்று.

முடிவுரை

தம் சொற்பொழிவுகளுக்காகவே 1908 இல் சிறைத்தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23 அன்று இன்னுயிர் நீத்த மண் பாப்பாரப்பட்டி. சொல்லின் ஆற்றலை அறிந்த அம்மண்ணின் மைந்தர் ஒரு சிரிப்புக்கு அஞ்சி ஊமையாதல் தகாது. அம்மாணவர் இப்போது குறிப்பேடு ஒன்று வைத்துள்ளார். அதன் முதல் வரி, அன்று அவரை எழுந்து நிற்கச் செய்த அதே தொடர்தான். அதனருகே 'படிப்படியாகச் சொல்' என எழுதியுள்ளார். ஆசிரியரும் பெரியோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு: பிள்ளைகள் பிழைபடப் பேசுங்கால் நகையாது, பொருள் கூறித் துணை நிற்போமாக.