ஒலி எங்கே சென்றது?

லினக்ஸ் கணினியில் பாட்டியின் குரற்பதிவு ஓடுகிறது. ஒலிபெருக்கியோ வாய் திறக்கவில்லை. உடனே அது பழுதென்று முடிவு செய்தல் தவறு.

பல கணினிகளில் ஒலி அட்டைகள் இரண்டு உண்டு. ஒன்று தாய்ப்பலகையில் உள்ளது. மற்றொன்று எச்டிஎம்ஐ வடம் வழியே திரைக்கு ஒலியை அனுப்புவது. ஆல்சா என்னும் ஒலி அமைப்பு இவற்றுக்கு 0, 1 என எண்ணிடும். வேறொன்றும் குறிப்பிடாவிடில் 0 என்னும் அட்டைக்கே ஒலி செல்லும். கணினி தொடங்குகையில் முந்திக்கொள்ளும் அட்டையே அவ்வெண்ணைப் பெறும்; இவ்வரிசை சிலவேளை மாறும். நேற்றுப் பேசிய கணினி இன்று மௌனமாவது இதனாலும் நிகழலாம். ஒலிபெருக்கியே இல்லாத திரைக்கு ஒலி போனால் யார் கேட்பார்?

ஒலி அமைப்புகளில் உரிய அட்டையைத் தேர்ந்தால் பெரும்பாலும் போதும். மீண்டும் மாறினால், இயக்கியின் அமைவுக் கோப்பில் அட்டையின் எண்ணை நிலையாக எழுதிவிடலாம்.

பயிற்சி: ‘முந்து’ என்பதன் எதிர்ச்சொல் எழுதுக.