தொழிற்கூடத்தில் தலைமையும் தோழமையும்



விகாரையில் நாம் கூடியிருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரமே. ஆலையிலும் பணிமனையிலும் அலுவலகத்திலும் நாம் கழிப்பதோ நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம். ஆகவே, தம்மம் நம்மிடத்தில் வேரூன்றியிருக்கின்றதா என்பதை அறிதற்குரிய இடம் நாம் தொழில் செய்யும் இடமே ஆகும். பலர் கூடிச் செய்யும் தொழிலில் அவர்களை ஒன்றாய்ப் பிணைத்து, மனமுவந்து உழைக்கச் செய்யும் தலைவன் எவ்வாறு உருவாகின்றான் என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயப் புகும் பொருள்.

இக்கேள்வி நமக்குப் புறம்பானதன்று. கோலார் தங்கவயலில் நம் முன்னோர் பலர் மேஸ்திரிகளுக்கும் காண்டிராக்டர்களுக்கும் கீழ்ப்பட்டுப் பூமிக்கடியில் உழைத்தனர். அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. அவர்தம் வழிவந்தோர் இன்று விடியற்காலையில் ரெயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் வீடு திரும்புகின்றனர். அவர்களுள் கூலி வேலை செய்வோரும் உளர். மேற்பார்வையாளராகவும் பொறியியலாளராகவும் சங்கச் செயலாளராகவும் உயர்ந்தோரும் உளர். ஏவப்பட்ட மக்கள் ஏவும் இடத்திற்கு வந்திருக்கின்றனர். நம்மை ஏவியவர்கள் எம்முறையைக் கையாண்டார்களோ அம்முறையையே நாமும் பிறர்மேல் கையாளப் போகின்றோமா? அவ்வாறாயின் ஆள் மாறியதேயன்றி அநீதி மாறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ஹத்தகரின் விடை

பகவான் புத்தர் காலத்தில் ஆளவி நகரத்தில் ஹத்தகர் என்னும் உபாசகர் வாழ்ந்தார். ஒருமுறை அவர் ஐந்நூறு உபாசகர்கள் சூழப் பகவானைக் காண வந்தார். இத்துணைப் பெரிய கூட்டத்தை எவ்வாறு ஒன்றாய் வைத்துப் பேணுகின்றீர் என்று பகவான் அவரை வினவினார். பகவானே முன்பு போதித்தருளிய நான்கு சங்கஹ வத்துக்களைக் கொண்டே பேணுவதாக ஹத்தகர் விடை பகர்ந்தார். ‘சங்கஹம்’ என்பதற்கு ஒன்றுசேர்த்துக் காத்தல் என்பது பொருள். தானம், இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், தன்னைப்போல் பிறரையும் சமமாய் நடத்துதல் ஆகியவையே அந்நான்கு. இவற்றைப் பாலி மொழியில் தானம், பேயவஜ்ஜம், அத்தசரியை, சமானத்ததை என்பர்.

ஹத்தகர் இந்நான்கையும் எல்லாரிடத்தும் ஒரே அளவாய்க் கையாளவில்லை. கொடையால் பிணைக்கத்தக்கவரைக் கொடையாலும், இன்சொல்லால் பிணைக்கத்தக்கவரை இன்சொல்லாலும், ஏனையோரை அவரவர்க்குத் தக்க வழியாலும் பிணைத்ததாக அவர் கூறினார். ஆளறிந்து நடத்தலே தலைமையின் முதற்பாடம் என்பது இதனால் விளங்கும். இந்நான்கு பண்புகளும் தேருக்கு அச்சாணி போன்றவை எனப் பகவான் பிறிதோரிடத்தில் உவமித்தார். அச்சாணி சிறியது, தேர் ஓடும்போது அது கண்ணுக்குப் புலப்படுவதும் இல்லை. கழன்று விழுந்த பின்னரே அதன் அருமை தெரியும்.

1. தானம்

தொழிலிடத்தில் தானம் என்பது பிச்சையன்று. சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் எசமானனுக்குரிய கடமைகளை ஐந்தாக வகுத்தார். வலிமைக்கேற்ப வேலையைப் பகுத்தல், உணவும் கூலியும் அளித்தல், நோயுற்ற காலத்துப் பேணுதல், அரிய பண்டங்களைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல் என்பன அவை. கூலிக்கும் முன்னதாக வலிமைக்கேற்ற வேலை என்பது வைக்கப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. தாங்க மாட்டாத சுமையை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, பின்னர் எத்துணைக் கூலி தரினும் அது கொடையாகாது.

தலைவன் தரவேண்டிய மற்றொரு செல்வம் தொழில் நுட்பம். பட்டறையில் தேர்ந்த கைவினைஞர் சிலர் நுட்பமான பகுதி வந்ததும் இளைஞனைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுவதுண்டு. அவன் கற்றுவிட்டால் தம் இடம் போய்விடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். பகவான் தம் இறுதிக் காலத்தில் ஆனந்தரிடம், ஆசிரியன் கைக்குள் மூடி மறைத்துக்கொள்ளும் முட்டி தம்மிடத்தில் இல்லை என்று உரைத்தருளினார். அறிவுறுத்த வேண்டியவற்றை ஒளிவின்றி அவர் அறிவுறுத்தியிருந்தார். கைவிரித்துக் கற்பிப்பவனிடத்திலேயே அடுத்த தலைவன் வளர்கின்றான். தான் இல்லாத நாளிலும் வேலை குறைவின்றி நடைபெறுமாறு செய்தவனே சிறந்த தலைவன்.

2. இன்சொல்

இன்சொல் என்பது முகமன் கூறுதலன்று. தவறு கண்டவிடத்து வாளாவிருத்தலும் அன்று. ஒருவனைத் திருத்தும் சொல் காலமறிந்ததாய், உண்மையாய், மென்மையாய், பயனுள்ளதாய், அன்புள்ளத்தினின்று எழுந்ததாய் இருத்தல் வேண்டும் என்பது பௌத்த நெறி. இவ்வைந்தையும் தொழிலிடத்தில் வைத்துப் பாருங்கள். பலர் முன்னிலையில் ஒருவனை வைதால் காலம் தவறுகின்றது. கேட்டறியாமல் பழி சுமத்தினால் உண்மை தவறுகின்றது. முன் செய்த பிழைகளையெல்லாம் இன்று அடுக்கிக் காட்டினால் பயன் தவறுகின்றது. ஐந்தும் அமைந்த சொல்லைக் கேட்டவன் தன் பிழையை மறைக்க மாட்டான். அச்சத்தால் ஆளும் இடத்திலோ பிழைகள் மறைக்கப்படுகின்றன. மறைக்கப்பட்ட பிழையே பின்னர் விபத்தாகவும் நட்டமாகவும் வெளிப்படுகின்றது.

3. பயன்படும் செயல்

தலைவன் செய்யவேண்டிய பயன்படும் செயல் எது? தொழிலாளியின் வழியில் கிடக்கும் தடையை அகற்றுதலே. இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக் காட்டுவோம்.

அகமதாபாத்தில் காலிகோ நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆலையில் 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகள் அமைக்கப்பட்டன. அத்தறிக்கூடத்தில் 224 தறிகள் ஓடின. ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நுணுகி அளந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வேலை வகுக்கப்பட்டது. தறியைக் கவனிப்பவர் ஒருவர், தார்க்குச்சிகளை நிரப்புபவர் ஒருவர், அறுந்த பாவிழைகளைப் பிணைப்பவர் ஒருவர், எண்ணெயிடுபவர் ஒருவர் என வேலைகள் பலவாகப் பிரிந்தன. இயந்திரங்கள் புதியவை, கணக்கும் நுட்பமானதே. எனினும் துணியின் அளவும் தரமும் எதிர்பார்த்தபடி உயரவில்லை.

இலண்டன் மாநகரத்துத் தவிஸ்டாக் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் இதனை ஆராய்ந்தார். குறை தறியிலும் இல்லை, தொழிலாளரிடத்தும் இல்லை என்பதை அவர் கண்டார். தறியைக் கவனித்தவர் ஓர் எண்ணிக்கைத் தறிகளுக்குப் பொறுப்பாளர். தார் நிரப்பியவர் வேறோர் எண்ணிக்கைக்குப் பொறுப்பாளர். இழை பிணைத்தவர் இன்னுமோர் எண்ணிக்கைக்குப் பொறுப்பாளர். ஆகவே ஒரு நெசவாளியின் தறிகள் நின்றபோது, இவர் என் தோழர், இவரை அழைத்தால் வருவார் என்று சொல்லத்தக்க ஒருவரும் அவருக்கு இல்லை. ஒருவரையொருவர் நம்பியே பிழைக்க வேண்டிய தொழிலில் ஒவ்வொருவரும் தனித்து விடப்பட்டிருந்தனர்.

ரைஸின் யோசனையின்படி 1953ஆம் ஆண்டில் ஏழு பேர் கொண்ட சிறு குழுக்கள் அமைக்கப்பட்டன. குறிப்பிட்ட தறிகள் முழுவதற்கும் அக்குழுவே பொறுப்பு. குழுவிற்குள்ளேயே ஒருவர் தலைவர். தம்முடன் யார் யார் சேர்வது என்பதில் தொழிலாளரின் விருப்பத்திற்கும் இடம் தரப்பட்டது. அவர்கள் காட்டிய ஆர்வமும் விரைவும் யோசனை கூறியவர்களையே வியப்பில் ஆழ்த்தின. தொடக்கத்தில் சில இடர்ப்பாடுகள் நேர்ந்தன. அவை திருத்தப்பட்டபின் தறிகளின் உற்பத்தி உயர்ந்தது, பழுதுபட்ட துணியும் குறைந்தது. தறிகளும் தொழிலாளரும் முன்போலவே இருக்க, ஒருவர்க்கொருவர் இருந்த தொடர்பு ஒன்றே மாறியது.

இதனால் நாம் அறிவது யாது? வேலை நன்கு நடவாதபோது, இவர்கள் சோம்பேறிகள் என்று கூறுதல் எளிது. இவர்கள் ஒருவர்க்கொருவர் உதவ இயலாதவாறு தடுப்பது எது என்று வினவி, அத்தடையை அகற்றுதலே அத்தசரியை. கோல் பிடித்து நிற்பவனுக்கு முதுகுகளே தெரியும். தடையை அகற்றக் குனிபவனுக்கே வேலை தெரியும்.

4. சமமாய் நடத்துதல்

மேற்கூறிய மூன்றும் அமைந்திருந்து நான்காவது இல்லையேல் அம்மூன்றும் பயனற்றுப் போகும். இதற்கும் துணியாலையிலேயே சான்று உண்டு.

பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதியில் கூலி மிகுதியாய் இருந்தது. அங்கே நாடாவில் தார் தீர்ந்தவுடன் புதுத் தாரின் இழையை நாடாவின் கண் வழியே வாயால் உறிஞ்சி இழுப்பது அக்காலத்து வழக்கமாய் இருந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோரின் வாய்பட்ட நாடாவைத் தாம் தொடமாட்டோம் என்று ஏனைய தொழிலாளர் கூறினர். அதனால் அப்பகுதியின் கதவு நம்மவர்க்கு அடைக்கப்பட்டது. ஒரே ஆலையில் ஒரே முதலாளியின் கீழ் அல்லலுற்றவர்களே தம்முள் ஒரு சாராரை விலக்கி வைத்தனர். 1928ஆம் ஆண்டில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, நெசவுப் பகுதியில் நம்மவர்க்கு உரிமை வேண்டும் என்பதையும் கோரிக்கைகளுள் ஒன்றாகச் சேர்க்குமாறு பாபாசாகேப் அம்பேத்கர் வலியுறுத்தினார்.

1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மன்மாடில் கூடிய ரெயில்வேத் தொழிலாளர் மாநாட்டிலும் அவர் இத்தகைய மற்றோர் அநீதியை எடுத்துரைத்தார். தாழ்த்தப்பட்டோர் அந்நாளில் தண்டவாளத்தில் கேங்மேன்களாகவே கிடந்து உழன்றனர். போர்ட்டர் வேலைக்குக்கூட அவர்கள் எடுக்கப்படவில்லை. போர்ட்டர் என்பவன் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலைகளையும் செய்ய வேண்டியவனாய் இருந்ததும், தீண்டாதவனை அவர் வீட்டிற்குள் விடாததுமே காரணம். வேலைத் திறனுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது வெளிப்படை.

ஒருவனை விலக்கி வைத்துவிட்டு ஒற்றுமை பேசும் கூட்டம் கூட்டமன்று. சாக்கிய குலத்து இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தமக்கு நாவிதராயிருந்த உபாலிக்கே முதலில் துறவளிக்க வேண்டுமெனப் பகவானை வேண்டிக்கொண்டனர். முதலில் துறவு பூண்டவர் மூத்தவராவர். அவரை ஏனையோர் வணங்க வேண்டும். தம் குலச்செருக்கு அதனால் அடங்கும் என்று அவர்களே காரணமும் கூறினர். பின்னாளில் இராசகிருகத்தில் முதற் சங்கம் கூடியபோது விநயத்தை எடுத்துரைக்கும் பொறுப்பை ஏற்றவர் அவ்வுபாலியே. அவருக்குரிய இடம் மறுக்கப்பட்டிருக்குமாயின் இழப்பு அவருக்கு மட்டும் நேர்ந்திராது. சங்கம் முழுவதற்குமே நேர்ந்திருக்கும்.

எனவே, நம்முள் மேற்பார்வையாளராய் இருப்போர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். நம் கீழ் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளி எந்தக் குவளையில் நீர் அருந்துகின்றார்? கடினமான இரவு முறை யாருக்கு மீண்டும் மீண்டும் விழுகின்றது? பிற மாநிலத்திலிருந்து வந்து நம் மொழி அறியாமல் நிற்கும் இளைஞனை நாம் எப்பெயரிட்டு அழைக்கின்றோம்? நம்மவர் என்பதற்காக ஒருவர்க்குச் சலுகை காட்டுதலும் சமமன்று. நமக்கு இழைக்கப்பட்டதை நாம் பிறர்க்கு இழையாதிருத்தலே நாம் மேற்கொண்ட நெறிக்குச் சான்று.

கூட்டத்தாரின் கடமை

தலைவனுக்கு மட்டுமே கடமை உண்டு என்று கருதலாகாது. சிகாலோவாத சூத்திரம் தொழிலாளிக்கும் ஐந்து கடமைகளைக் கூறுகின்றது. அவற்றுள் கொடுத்ததை மட்டுமே எடுத்தலும், செய்வதைத் திருந்தச் செய்தலும் இன்றைக்கும் முதன்மையானவை. இருபுறமும் கட்டிய பாலமே நிற்கும்.

அன்றியும், ஒருமுறை அமைத்துவிட்டதனால் கூட்டுறவு தானாகவே நிலைத்து நிற்பதில்லை. அகமதாபாத் ஆலையை 1970ஆம் ஆண்டில் எரிக் மில்லர் என்னும் ஆராய்ச்சியாளர் மீண்டும் சென்று கண்டார். ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை பழுதின்றி நிலைத்திருந்தது. ஏனைய இடங்களில் அது முழுமையாகவோ ஓரளவோ சிதைந்து போயிருந்தது. அடிக்கடி கூடி, ஒற்றுமையாய்க் கூடி, ஒற்றுமையாய்க் கலைந்து செல்லுங்காறும் வஜ்ஜியர்க்கு வீழ்ச்சியில்லை என்று பகவான் அருளியதன் கருத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். அச்சாணியை ஓட்டுநன் நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, அன்பர்களே, நாளைக் காலை வேலைக்குச் செல்லும்போது இந்நான்கனுள் ஒன்றையேனும் மேற்கொண்டு செல்வோமாக. ஓர் இளைஞனுக்கு ஒரு நுட்பத்தைக் கற்பிப்போம். அல்லது ஒருவனைத் தனியே அழைத்து மென்மையாய்த் திருத்துவோம். அல்லது ஒரு தடையை அகற்றுவோம். அல்லது ஒதுங்கி நிற்பவனை அருகழைத்து உடன் அமர்த்துவோம். தலைமைப் பதவியை மேலிடத்தார் அளிக்கலாம். தலைமைத் தகுதியை உடனுழைப்போரே அளிக்கின்றனர்.

படிப்பு வட்டத்தார் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. ஹத்தகர் எல்லாரையும் ஒரே வழியால் பிணைக்காததன் காரணம் யாது? உங்கள் தொழிலிடத்தினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. பிழை செய்தவனிடம் பேசுமுன் ஆராயவேண்டிய ஐந்து தன்மைகள் யாவை? அவற்றுள் உங்களுக்கு அரிதாகத் தோன்றுவது எது?

3. அகமதாபாத் தறிக்கூடத்தில் தறிகள் மாறாமலே உற்பத்தி உயர்ந்தது எதனால்?

4. பம்பாய் நெசவுப் பகுதியின் நாடாவைப் போல, ஒருவரை விலக்கும் பழக்கம் இன்று உங்கள் பணியிடத்தில் எவ்வுருவத்தில் இருக்கின்றது? அதனை நீக்க நீங்கள் முதலாவதாகச் செய்யத்தக்கது யாது?