தீவுச் சேவையகமும் மீளும் வழியும்



கணிப்பொறித் துறையில் பயிலும் நம்மவர் பலர், படிப்பு முடிந்ததும் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் சேவையகங்களைப் பேணும் பொறுப்பை ஏற்கக்கூடும். அப்பணியை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் சில காலம் செய்தவன் நான். அங்கு எனக்குப் பயன்பட்ட முறைகள் சிலவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்நிகர் பொறி என்பது யாது? நம் விடுதியை எண்ணிப் பாருங்கள். கட்டடம் ஒன்று, அறைகள் பல. நீரும் மின்சாரமும் பொது. அவற்றைப் பங்கிட்டுத் தருபவர் விடுதிக் காப்பாளர். அதுபோல, ஒரே இயந்திரத்துக்குள் பல கணிப்பொறிகளைத் தனித்தனியே இயங்கச் செய்வதே மெய்நிகர் முறை. பங்கிடும் காப்பாளனுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இம்முறை புதியதன்று, 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் இதனைச் செய்து காட்டினர். 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே கே.வி.எம். என்ற பெயரில் இவ்வசதி அடங்கியுள்ளது. இயந்திரங்கள் கப்பலேறி வரவேண்டிய தீவுக்கு இது பெரும் பேறு. ஆயினும் கட்டடம் சாய்ந்தால் அறைகள் அனைத்தும் சாயும் என்பதை மறக்கலாகாது.

இனி, தொலைவைக் கருதுவோம். முன்பு இத்தீவுகளின் தொடர்பு துணைக்கோளையே நம்பியிருந்தது. அது நில நடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. ஒரு கேள்வி மேலேறி இறங்கி, அதன் விடையும் அவ்வாறே திரும்ப, அரை நொடி ஆகிறது. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. பிற தீவுகளுக்குச் செல்லும் கிளைகளையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். அந்த நீளம் முழுவதும் சென்று மீளவும் நொடியில் நாற்பதில் ஒரு பங்கே ஆகும். (போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.)

வடம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பீர்கள். வடமும் பழுதுபடும். ஆதலால் மெலிந்த தொடர்பிலும் வேலை செய்யும் கருவிகளையே பழகிக்கொள்ள வேண்டும். படத்திரையைச் சுட்டிச் சுட்டி ஆளும் கருவிகள் கண்ணுக்கு இனியவை. ஆனால் ஒவ்வொரு சுட்டுக்கும் திரையையே இழுத்து வருபவை. எஸ்.எஸ்.எச். வழியே நுழைந்து ‘விர்ஷ்’ என்னும் கட்டளைக் கருவியை இயக்கினால் சில எழுத்துகளே பயணம் செய்யும். நெடுநேரம் ஓடும் வேலைகளை ‘டிமக்ஸ்’ என்ற கருவிக்குள் தொடங்குங்கள். தொடர்பு அறுந்தாலும் வேலை நில்லாது. மீண்டும் நுழைந்து தொடரலாம்.

அடுத்து, மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று: ‘விர்ஷ்’ கருவியில் ‘ஷட்டவுன்’ என்பது பொறியை முறையாக அணைப்பது. ‘டெஸ்ட்ராய்’ என்பது மின்கம்பியைப் பிடுங்குவதற்கு ஒப்பானது. அது வட்டை அழிப்பதில்லை எனினும், எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் கெடக்கூடும்.

இரண்டு: தீவுகளின் மின்சாரம் இந்தியப் பெருநிலத்தின் மின்தொகுப்போடு இணையாதது, பெரும்பாலும் டீசல் மின்னாக்கிகளிலிருந்து வருவது. மின்சாரம் நின்றால், யு.பி.எஸ். ஓய்வதற்கு முன்பே பொறிகள் தாமாக அணையவும், மின்சாரம் திரும்பியதும் எழவும் முன்னரே ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்று: தொலைவிலிருந்து பிணைய அமைப்பை மாற்றும்போது, பத்து நிமிடத்தில் பழைய அமைப்பே தானாகத் திரும்புமாறு முதலில் கட்டளையிடுங்கள். மாற்றம் சரியானால் அக்கட்டளையை நீக்கிவிடலாம். தவறினால் காத்திருந்தால் போதும். கார் நிக்கோபாரில் உள்ள பொறியின் கதவை நாமே சாத்திக்கொண்டால், திறப்பதற்குக் கப்பலோ ஹெலிகாப்டரோ பிடிக்க வேண்டும்!

இறுதியாக, எல்லாவற்றினும் இன்றியமையாதது காப்புப்படி. ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்திருக்கிறோம் என்று பலர் அமைதி கொள்வர். அது பெரும்பாலும் அதே வட்டில், அதே அறையில் இருப்பது. ஒரு மாற்றம் பிழைத்தால் பின்செல்ல உதவும், வட்டே அழிந்தால் உதவாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளமே சிதைந்தது. அத்தகைய நாளில் அடுத்த அறையில் வைத்த படியும் படியாகாது. ஒரு படி வேறு தீவிலோ பெருநிலத்திலோ இருத்தல் வேண்டும்.

அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 200 ஜிகாபைட்டு வட்டை நொடிக்கு 2 மெகாபிட் செல்லும் இணைப்பில் அனுப்பினால் ஒன்பது நாளுக்கு மேலாகும். 100 மெகாபிட் இணைப்பில் நாலரை மணி நேரம். எனவே முதற்படியை வட்டிலேற்றிக் கையோடு அனுப்பிவிட்டு, நாள்தோறும் மாறிய பகுதிகளை மட்டும் இணைப்பில் அனுப்புவதே அறிவுடைமை. திங்களுக்கு ஒருமுறை அப்படியைக் கொண்டு வேறொரு கணிப்பொறியில் பொறியை எழுப்பிப் பார்க்க வேண்டும். எழாத படி காப்புப்படி ஆகாது.

நண்பர்களே! ஒரு சேவையகத்தில் இருப்பவை வெறும் கோப்புகள் அல்ல. ஒருவரின் நிலப்பத்திரம், ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பு, ஒரு மாணவியின் மதிப்பெண். எக்கட்டளையையும் இடுமுன், ‘இது தவறினால் மீளும் வழி யாது?’ என்று கேளுங்கள். விடை கிடைத்த பின்னரே கட்டளையை இடுங்கள்.